மூன்றாம் நம்பர் பியூஸ் கட்டை

நெட்டைப்பாறை எஸ்டேட்,
சித்திரபுரம் தபால்.
3.9.2023

அன்புள்ள மாப்பிள்ளை மாரீஸ்வரனுக்கு,

உன் அத்தான் சின்னமுத்து இடது கையால் எழுதும் முதல் கடிதம். இங்கே நான், உன் அக்கா முருகேஸ்வரி, ஆர்த்தி மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். கஞ்சிக்கோட்டில் உனக்கு வேலையும் சாப்பாடும் எப்படி என்று தெரியவேண்டும்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நினைப்பாய். நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் 'ம்' என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து வருவதில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி தருகிற மலையாளத்துப் பெண் போட்ட உத்தரவு. "சேட்டா, தினமும் ஒரு பேஜ் எழுதணும் கேட்டோ" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. முதலில் முருகா முருகா என்று எழுதினேன். நாலு நாளில் முருகனுக்கே அலுத்திருக்கும். பிறகு ஆர்த்தி பெயரை எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து, "அப்பா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். நீ சிரித்தால் எனக்குக் கேட்காது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

வலது மணிக்கட்டில் தையல் ஆறிவிட்டது. இல்லாத விரல்கள்தான் இன்னும் அரிக்கின்றன. எங்கே சொறிவது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. நீ ரத்தம் கொடுத்ததை உன் அக்கா தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறாள். முன்பெல்லாம் டீக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போதும். இப்போது இரண்டு கேட்கிறது. உன் ரத்தத்தின் வேலையாகத்தான் இருக்கும்.

இந்த ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கிறது. பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்,
சின்னமுத்து


கஞ்சிக்கோடு,
14.9.2023

அன்புள்ள அத்தானுக்கு,

மாரி வணக்கத்துடன் எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். அக்காவுக்கும் ஆர்த்திக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

நான் தங்கியிருப்பது மருதாத்தாள் என்கிற அம்மா வீட்டு மாடி. கடிதத்தை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். "ஏனுங்க தம்பி, ஊட்டுல இருந்து கடுதாசி வந்திருக்குதுங்க. யாருக்குங்க ஒடம்பு செரியில்ல?" என்று பயந்து கேட்டார். கடிதம் என்றாலே கெட்ட செய்திதான் என்று அவருக்கு நினைப்பு. என் மச்சான் எழுதிப் பழகுகிறார் என்றேன். ஏன் பழகுகிறார் என்று கேட்டார். பேச்சை மாற்றிவிட்டேன்.

வேலை ஒரு இரும்புக் கம்பி மில்லில். மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன். பழுக்கக் காய்ந்த இரும்பு பக்கத்தில் போகும்போது நம் ஊர்க் குளிர் ஞாபகம் வரும். இங்கே காற்று மட்டும் நிற்காமல் அடிக்கிறது, எல்லாவற்றிலும் புழுதி.

அத்தான், இன்னும் வலிக்கிறதா? உங்களிடம் ஒன்று எழுத நினைத்தேன். ஷிப்டுக்கு சைரன் ஊதிவிட்டது. அடுத்ததில் எழுதுகிறேன்.

வணக்கத்துடன்,
மாரி


நெட்டைப்பாறை,
1.10.2023

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் மூவரும் சுகம். மழை விட்டுவிட்டது. நீ சாப்பாட்டைத் தள்ளிப்போடுவாய் என்று உன் அக்காவுக்குக் கவலை. நேரத்துக்குச் சாப்பிடு.

அடுத்ததில் எழுதுகிறேன் என்றாய். நீ எழுதுவதற்குள் நான் ஒன்று எழுதிவிடுகிறேன். ஜூன் ஒன்பதாம் தேதியைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. உன் அக்காவிடம்கூட.

தேயிலை நசுக்குகிற மூன்றாம் நம்பர் மிஷினில் உருளைகளுக்கு நடுவே ஏதோ சிக்கியிருந்தது. உருளைப் பல் உடைந்துவிடுமே என்று எடுக்கப் போனேன். அது நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் கரண்ட் போர்டுப் பக்கம் நான் போனது நினைவிருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி மின்விசிறிதான்.

நம் பாக்டரி வழக்கம் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. மிஷினுக்குள் கைவிடுகிறவன் போர்டிலிருந்து அந்த மிஷினுடைய மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டை யார் பாக்கெட்டிலோ மிஷின் அவனுடையது. அவன் திரும்பி வந்து சொருகும்வரை மிஷினுக்குக் கரண்ட் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக என் உயிரை என் பேன்ட் பாக்கெட்டில்தான் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். ஆனால் விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது மூன்று கட்டைகளும் போர்டில் இருந்தன. அப்படியென்றால் நான் பிடுங்கவில்லை. மறந்திருக்கிறேன். வேறு எப்படி?

கை போனதுகூடப் பரவாயில்லை மாப்பிள்ளை. மிஷின் ஓட்டுகிற மொக்கையண்ணனை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் பட்டனை அமுக்கினார் என்று அவரை நீக்கிவிட்டார்கள். ரிட்டயராக எட்டு மாதம்தான் பாக்கி. எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அவர் சம்சாரம் குருவம்மாள் மதினி அதைக் கிழிக்காமல், அதன் மேலேயே துணி காயப்போடுகிறார். மொக்கையண்ணன், "எலக்ட்ரீசியன் மாரிகிட்டக் கேட்டேன், யாருமில்ல போடுங்கன்னு கையக் காட்டுனான்" என்றே எல்லோரிடமும் சொல்கிறார். நீயோ ஜெனரேட்டர் ரூமில் இருந்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறாய். பாவம், பயத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார். என் மறதிக்கு அவர் வீட்டைவிட்டுப் போவதா? இதற்கு என்ன செய்யலாம் என்று நீதான் யோசனை சொல்லவேண்டும்.

உன் அத்தான்,
சின்னமுத்து


கஞ்சிக்கோடு,
9.11.2023

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். மில்லில் வேலை அதிகம். நான் சுகம். ஆர்த்திக்குத் தீபாவளிக்கு ஒரு சுடிதார் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியில்லை என்றால் அக்காவைப் பிடித்துத் தைத்துக்கொடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் அத்தான். அதாவது, மறந்தீர்களா இல்லையா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நடந்தது நடந்துவிட்டது. உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். மொக்கையண்ணன் விஷயத்தில் யூனியன்காரர்களைப் பார்த்தால் ஏதாவது நடக்கும்.

இங்கே சேப்டி ஆபீசர் ராமபத்ரன் சார் என்று ஒருவர், கல்பாத்திக்காரர். நான் சேர்ந்த அன்றைக்கே என் கையில் ஒரு சிவப்புப் பூட்டைக் கொடுத்தார். பூட்டில் என் பெயரும் போட்டோவும் ஒட்டியிருக்கிறது. எந்த மிஷினில் கைவைத்தாலும் முதலில் அதன் மெயின் சுவிட்சை நிறுத்தி இந்தப் பூட்டைப் போடவேண்டும். "பூட்டு ஒன்னோடது, சாவியும் ஒன்னோடது. நீ வெளில வந்து தொறக்கற வரைக்கும் மொதலாளியே வந்தாலும் தொடப்படாது, கேட்டயா?" என்றார். டூப்ளிகேட் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, "அது எதுக்கு?" என்றார்.

அந்தப் பூட்டைத் தினமும் கையில் எடுக்கவேண்டியிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

வணக்கத்துடன்,
மாரி


நெட்டைப்பாறை,
26.11.2023

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். சுடிதார் சரியாக இருக்கிறது. ஆர்த்தி அதைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். உனக்கு இருமல் இருந்ததே, விட்டதா?

கார்த்திகைக்குக் கோவிலுக்குப் போனோம். திருநீறு வாங்க இடது கையை நீட்டிவிட்டேன். பூசாரி தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துவிட்டார். அப்புறம்தான் என் மற்றக் கையைப் பார்த்தார். பாவம், அவருக்கு என்னைவிட அதிக வெட்கம். அவரே என் நெற்றியில் பூசிவிட்டார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பந்தியில் இடது கையால் அள்ளித் தின்கிறவன் பக்கத்தில் யாருக்குச் சோறு இறங்கும்?

மொக்கையண்ணன் போன வாரம் வீட்டுக்கு வந்தார். வீட்டு வாசலில் காய்த்த பப்பாளி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வராமல் நின்றபடியே பேசினார். "சின்னமுத்து, சாமி சத்தியமா மாரி கையக் காட்டுனாம்ப்பா. நான் கேக்காமப் பட்டன அமுக்குற ஆளா? இத்தன வருசத்துல ஒரு தடவ அப்படிச் செஞ்சிருக்கனா?" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "எம் மாப்ள எனக்கு ரத்தங் குடுத்தவன். அவனச் சொன்னீங்கன்னா இந்த வாசப்படிய மிதிக்காதீங்க" என்றேன். பப்பாளியைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனார். உன் அக்கா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தப்பு என்னுடையது என்று எனக்கே தெரிந்தும், அந்த மனுஷனைத் துரத்தியிருக்கிறேன் பார்.

அவர் வழக்கை லேபர் ஆபீசர் ஜனவரி முப்பதாம் தேதி மூணாறில் கடைசியாக விசாரிக்கிறார். அன்றைக்குத் தீர்ந்தால் தீர்ந்தது. தீராவிட்டால் வீடு போய்விடும். கம்பம் ஊரில் அவருக்கு இருந்த ஒரே தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் போய், பியூஸ் பிடுங்காதது என் குற்றம் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். உனக்கு என்ன தோன்றுகிறது? எழுது.

உன் அத்தான்,
சின்னமுத்து


நெட்டைப்பாறை,
17.12.2023

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பை அப்புறம் வைத்துக்கொள்வோம். இன்றைக்கு என் எழுத்து கோணலாக இருந்தால் அது சந்தோஷத்தால்.

இன்றைக்கு மார்கழி பிறந்திருக்கிறது. நேற்று உன் அக்கா வீட்டை ஒதுக்கினாள். பரணில் ஒரு ஆஸ்பத்திரிக் கவர் இருந்தது. அன்றைக்கு நான் போட்டிருந்த காக்கிப் பேன்டைக் கத்தரியால் வெட்டிக் கழற்றி, அந்தக் கவரில் போட்டு அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்க்க அவளுக்கு இத்தனை நாள் தைரியம் இல்லை. நேற்று குப்பையில் போடலாம் என்று தூக்கியிருக்கிறாள், கனமாக இருந்திருக்கிறது. பாக்கெட்டில் கையை விட்டு எடுத்து, "ஏங்க, இதென்ன வெள்ளக் கட்ட? எறிஞ்சிரவா?" என்றாள்.

மூன்று பியூஸ் கட்டைகள் மாப்பிள்ளை. மூன்றிலும் சிவப்புப் பெயின்டில் நானே என் வலது கையால் எழுதிய 3.

நான் மறக்கவில்லை. பிடுங்கியிருக்கிறேன். பாக்கெட்டில் போட்டிருக்கிறேன். ஆறு மாதமாக இந்தத் தலையில் சுமந்த பாரம் இறங்கியது. ஆர்த்தி பயந்து ஓடிவந்தாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன் என்று உன் அக்கா சொன்னாள்.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. இந்தக் கட்டைகள் என் பாக்கெட்டில் இருந்தன என்றால், விசாரணைக்காரர்கள் பார்த்தபோது போர்டில் இருந்தவை எவை? மிஷினுக்கு எப்படிக் கரண்ட் வந்தது? அந்தப் போர்டைப் பற்றி என்னைவிட உனக்குத்தான் தெரியும். யோசித்து உடனே எழுது.

உன் அத்தான்,
சின்னமுத்து


நெட்டைப்பாறை,
4.1.2024

மாப்பிள்ளைக்கு,

என் கடிதம் கிடைத்ததா? பதினெட்டு நாளாகிவிட்டது.

நேற்று பாக்டரிக்குப் போனேன். மூன்றாம் நம்பருக்கு இன்னும் சீல் வைத்திருக்கிறார்கள். போர்டைத் தொடவில்லை, கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதிலிருக்கும் கட்டைகளில் சிவப்புப் பெயின்ட் இல்லை. புதுக் கட்டைகள்.

நீ நன்றாக இருக்கிறாயா என்று மட்டுமாவது எழுது.

சின்னமுத்து


கஞ்சிக்கோடு,
11.1.2024

அத்தானுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நான் நன்றாக இல்லை.

அந்தப் புதுக் கட்டைகளைச் சொருகியவன் நான்தான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

விபத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நீங்கள் கட்டைகளைப் பாக்கெட்டில் மறந்து வைத்துக்கொண்டு சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டீர்கள். மிஷின் ஒரு மணி நேரம் நின்றது. பாக்டரிப் பொறுப்பிலிருக்கும் டீ மேக்கர் சார், இலையெல்லாம் வாடிக் கிடக்கிறது என்று பெண்கள் முன்னால் என்னைத்தான் மலையாளத்தில் கிழித்தார். இனிமேல் இந்தப் பேச்சு வாங்கக் கூடாது என்று மூன்றாம் நம்பருக்கு இன்னொரு செட் கட்டை தயார் செய்து, பிஸ்கட் டின்னில் போட்டு போர்டுக்குப் பின்னால் வைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால், என் பாக்கெட்டில் இருப்பதற்கு அப்புறம் என்ன மதிப்பு என்று திட்டுவீர்கள். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி ஷிப்டுக்கு வந்தேன். இலை மலையாகக் கிடந்தது. மூன்றாம் நம்பரில் கட்டைகள் இல்லை. அத்தான் மறுபடியும் பாக்கெட்டோடு சாப்பிடப் போய்விட்டார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே டின்னைத் திறந்தேன் அத்தான். சாயங்காலம் உங்களைக் கிண்டல் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டே சொருகினேன். மொக்கையண்ணன் பட்டனுக்குப் பக்கத்தில் நின்று, "உள்ள ஆளு இருக்கா மாரி?" என்று கேட்டார். அவர் சொல்வதெல்லாம் உண்மை. "யாருமில்லண்ணே, போடுங்க" என்று நான் கையைக் காட்டினேன். போர்டிலிருந்து மிஷினுக்கு நாற்பது காலடி இருக்கும். நடுவில் தூள் சலிக்கும் மிஷின் மறைக்கிறது. நான் அந்த நாற்பது காலடி நடந்திருந்தால் உங்களைப் பார்த்திருப்பேன். நடக்கவில்லை.

உங்கள் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஜீப்பில் உங்கள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ரத்தம் கொடுத்தேன். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸிடம் சொன்னேன். விசாரணையில் நான் ஜெனரேட்டர் ரூமில் இருந்ததாக எழுதிக் கொடுத்தபோது, மொக்கையண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. ஒருவேளை நான்தான் தப்பாகப் பார்த்தேனோ என்று சந்தேகப்படுகிற முகத்தோடு என்னைப் பார்த்தார். அந்த முகத்துக்குப் பயந்துதான் இங்கே ஓடி வந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். மறந்துவிட்டேன் என்று நீங்கள் உங்களையே பழித்து எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. ஒரு கையை எடுத்தது போதாதென்று, அந்தப் பழியையும் உங்கள் தலையிலேயே விட்டு வைத்திருந்தேன்.

மன்னியுங்கள் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

மாரீஸ்வரன்


நெட்டைப்பாறை,
19.1.2024

தம்பி மாரிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்க மனசு வரவில்லை.

உன் கடிதத்தை அவர் எனக்குக் காட்டவில்லை. மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார், நானே எடுத்துப் படித்தேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நோட்டை விரித்துவைத்துக்கொண்டு என் பெயரையும் ஆர்த்தி பெயரையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். மூன்று பக்கம் எழுதினார். உன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நான் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போது நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாயே மாரி. வாயைத் துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தாயே. எப்படி முடிந்தது உனக்கு? அம்மா இறந்த பிறகு உன்னை நான்தான் வளர்த்தேன். நீ பொய் சொன்னால் காது சிவந்துவிடும், எனக்குத் தெரிந்துவிடும் என்று எல்லோரிடமும் பெருமை பேசுவேன். அன்றைக்கு உன் காதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நீ சொல்வாயோ மாட்டாயோ என்று காத்திராமல் குருவம்மாள் மதினியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்துத்தான் போனேன். ஒன்றும் செய்யவில்லை. கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டி முருகேசு, முப்பதாந் தேதி ஒந் தம்பி வருவானா?" என்று மட்டும் கேட்டார். நீ உன் அத்தானுக்குத் தாளில் எழுதியது பத்தாது. ஆபீசர் முன்னால் சொன்னால்தான் அவர்களுக்கு வீடு.

வருவாயா?

முருகேஸ்வரி


கஞ்சிக்கோடு,
23.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன். இருபத்தொன்பதாம் தேதி புறப்பட்டு மூணாறில் தங்கிக்கொள்கிறேன். வீட்டுக்கு வரவில்லை. அத்தான் கூப்பிடாமல் அந்த வாசலுக்கு வரக்கூடாது.

ராமபத்ரன் சாரிடம் லீவு கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலையைவிட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். "ஒன் எலக்ட்ரீசியன் பெர்மிட் போகும். கேஸும் வரும். தெரிஞ்சுண்டுதானே போறாய்?" என்றார். ஆமாம் என்றேன். "பூட்ட இங்க வெச்சுட்டுப் போ. மத்ததெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்றார். வைத்துவிட்டேன்.

அத்தான் மூன்று கட்டைகளையும் கொண்டுவர வேண்டும். அதுதான் சாட்சி. துடைக்க வேண்டாம் என்று சொல்.

மாரி


நெட்டைப்பாறை,
18.2.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே மூவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? பெர்மிட்டைப் பிடித்துவைத்துவிட்டார்கள் என்றும், மில் கேன்டீனில் சாமான் ஏற்றி இறக்குகிறாய் என்றும் உன் அக்கா சொன்னாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. முதுகு பத்திரம்.

மொக்கையண்ணன் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். வீட்டு நோட்டீஸை ஆபீஸ்காரர்களே வந்து கிழித்தார்கள். நான் போய் அவர் வாசலில் நின்றேன். என்ன பேசுவதென்று ஒத்திகையெல்லாம் பார்த்துக்கொண்டு போனேன். அவர் பேச விடவில்லை. "அந்தப் பப்பாளியத் தின்னீங்களா இல்லையா?" என்று கேட்டார். படியிலேயே அழுகிப் போனதைச் சொன்னேன். "அப்ப ஒன்னு கடன் இருக்கு" என்று சொல்லி இன்னொன்றைப் பறித்துக் கொடுத்தார். அதை இடது கையால்தான் வாங்கினேன். அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

அன்றைக்கு லேபர் ஆபீஸில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் நான் உன்னோடு பேசவில்லை. பேசக்கூடாது என்றில்லை, வாய் வரவில்லை. நீ எழுந்து நின்று சொன்னபோது உன் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டையைப் பாக்கெட்டோடு வீட்டுக்குக் கொண்டுபோனது என் குற்றம் என்று நானும் ஆபீசரிடம் சொன்னேன். அதைச் சொல்லாவிட்டால் கணக்கு சரியாகாது.

பாக்டரியில் இப்போது பூட்டு வந்திருக்கிறது. உன் மில்லில் இருப்பது போலவே சிவப்புப் பூட்டு, ஆளுக்கு ஒன்று. டூப்ளிகேட் சாவி கிடையாது. பூட்டுகளைக் கொடுத்து வாங்கும் வேலை எனக்கு. பழைய பியூஸ் கட்டைகளையெல்லாம் பிடுங்கி எடைக்குப் போட்டாயிற்று. என்னுடைய மூன்று மட்டும் ஆபீசரிடம் இருக்கின்றன.

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாமா என்று இரண்டு நாள் நோட்டை விரித்து உட்கார்ந்தேன். எழுத்து வரவில்லை மாப்பிள்ளை. சும்மா எழுதிவிடலாம்தான். பொய் எழுதுவதற்கா இவ்வளவு பாடுபட்டு இந்தக் கையைப் பழக்கினேன்? வருகிறபோது எழுதுகிறேன். அதுவரைக்கும் நீ கடிதம் போடுவதை நிறுத்தாதே. நானும் தினம் ஒரு பக்கம் எழுதித்தான் ஆகவேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அத்தான்,
சின்னமுத்து

பி.கு.: போர்டிலிருந்து மிஷினுக்கு நாற்பது காலடி என்று எழுதியிருந்தாய். சாப்பாட்டு நேரத்தில் பாக்டரி காலியாக இருந்தபோது நடந்து பார்த்தேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை எண்ணினேன். இருபத்தாறுதான் மாப்பிள்ளை.